வால்வெள்ளியைப் படமெடுக்கக் கிளம்பும் முன் ஒரு அலாரம் வையுங்கள்

2024 செப்டம்பர் கடைசி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் விடிகாலை நாலரை மணிக்கே டிரைபாடை ஊன்றிக் காத்திருந்தோம். சூச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி 27-ஆம் தேதிதான் சூரியனுக்கு மிக அருகில் போய்த் திரும்பியிருந்தது. ஐந்து மணிக்கு மேல், கடல் மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் வால் மட்டும் எழுந்தது, ஈர்க்குச்சியால் லேசாகக் கீறின மாதிரி. தலை அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கைகூப்பினார்.

வெளுக்கத் தொடங்கியதும் அது கரைந்துவிட்டது. எல்லோரும் டீக்கடைக்குப் போனோம். என்னிடம் வகுப்புக்கு வரும் ஒரு தம்பி 200 மி.மீ. லென்ஸை மூடாமல், வால்வெள்ளி இருந்த திசையைப் பார்த்தபடியே விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்தபோது சூரியன் அந்த இடத்துக்கு ஏறியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஊதா நிறக் கறை. படத்தைப் பதியும் சென்சார் கருகியிருந்தது.

200 மி.மீ. லென்ஸில் சூரியனின் பிம்பம் 2 மி.மீ. அகலம்கூட இருக்காது. லென்ஸ் வாங்கும் அத்தனை வெயிலும் அந்தப் புள்ளியில் குவிகிறது. பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் பவரை அணைத்தாலும் சென்சாருக்கு முன்னால் ஷட்டர் மூடாது. நான் அன்று பயந்தது கேமராவுக்காக அல்ல. அந்த இடத்தில் லென்ஸ் வழியே நேராகப் பார்க்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டரோ பைனாகுலரோ இருந்து, ஒருவர் கண்ணை வைத்திருந்தால்?

விழித்திரைக்கு வலி தெரியாது. சூடு பட்டால் கையை இழுப்பதுபோல் கண்ணை இழுத்துக்கொள்ள உடம்பு சொல்லாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான், படிக்கும்போது எழுத்தின் நடுவில் ஒரு மங்கல் தெரியும், நேர்கோடு வளைந்து தெரியும். சிலருக்குச் சில மாதங்களில் பார்வை தேறலாம், சிலருக்கு அந்த மங்கல் நிலைத்துவிடும். அப்படி ஏதாவது தோன்றினால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். விழித்திரையைப் பரிசோதிக்கும் கண் மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.

இந்த ஆபத்து தற்செயலானது அல்ல. வால்வெள்ளி என்பது பனியும் தூசியும் கலந்த உருண்டை. சூரியனை நெருங்கும்போதுதான் பனி ஆவியாகி, தூசி கிளம்பி, வால் நீளும். அதாவது அது மிக அழகாக இருக்கும் நாட்களில்தான் வானத்தில் சூரியனை ஒட்டியே இருக்கும். சூச்சின்ஷான்-அட்லஸ் சூரியனிலிருந்து சுமார் 5.8 கோடி கி.மீ. வரை போனது, ஏறக்குறைய புதன் கிரகம் இருக்கும் தூரம். அதனால்தான் அந்த வாரம் சூரியனுக்குச் சற்று முன்னால்தான் உதித்தது. சூரிய ஃபில்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். அதைப் போட்டால் வால்வெள்ளியே தெரியாது. வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் என்.டி. ஃபில்டர் கண்ணுக்குப் பாதுகாப்பே இல்லை. ஆக, நம்மைக் காப்பது கடிகாரம் மட்டும்தான்.

நான் செய்வது இதுதான். அந்த ஊருக்கான உதய நேரத்தைப் பார்த்து, அதற்கு 20 நிமிடம் முன்னால் அலாரம். சென்னைப் பக்கம் செப்டம்பர் கடைசியில் உதயம் ஆறு மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு, அதனால் 5:37 வாக்கிலேயே மணி அடிக்கும். அடித்ததும் லென்ஸ் மூடி, பைனாகுலர் பைக்குள். கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் சமவெளியைப் பார்த்து நின்றால் ஆப் சொல்வதைவிடச் சில நிமிடம் முன்னாலேயே சூரியன் தலைகாட்டும். அங்கே அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவேன். இதில் இழப்பு எதுவும் இல்லை. அதற்குள் வானம் வெளுத்து, படத்திலும் வால் நிற்காது.

சாயங்கால வால்வெள்ளி என்றால் கணக்கு தலைகீழ். 2020 ஜூலையில் நியோவைஸ் வடமேற்கில் தெரிந்தபோது, சூரியன் மறையும் முன்பே பைனாகுலரோடு தேட ஆரம்பித்தவர்களைப் பார்த்தேன். கூடவே கூடாது. சூரியன் முழுக்க இறங்கியதை வெறும் கண்ணால் உறுதி செய்த பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.

வ்யூஃபைண்டரில் கண்ணை ஒட்டவைக்கத் தேவையும் இல்லை. கண் தவறவிடுவதைப் படம் பிடித்துவிடும். நம் காவலூர் வானாய்வகம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த வானியலாளர் வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது வால்வெள்ளியைக் கண்டதே ஒரு புகைப்படத் தட்டில்தான். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை கையால் ஃபோக்கஸ் செய்து, ஃபோக்கஸ் வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுங்கள். 85 மி.மீ. லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் நான்கு வினாடி என்று தொடங்கலாம். 500-ஐ லென்ஸின் மி.மீ.-ஆல் வகுத்து வரும் வினாடிக்கு மேல் போனால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். சின்ன சென்சார் என்றால் அதையும் 1.5-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வானம் வெளுக்க வெளுக்க வினாடியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். போனில் எடுப்பவர்கள் ஸ்டாண்டில் வைத்து, நைட் மோடில், மூன்று வினாடி டைமரோடு எடுத்தால் போதும். கடற்கரையில் லென்ஸ் மேல் உப்புப் பனி படியும், ஒரு மெல்லிய பருத்தித் துணி கையில் இருக்கட்டும்.

குழந்தைகளை அழைத்து வந்தால் அலாரம் அடித்ததும் அவர்கள் கையிலிருக்கும் பைனாகுலரை முதலில் வாங்குங்கள். உதயம் அழகாக இருக்கிறதே என்று அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கப்போவது அவர்கள்தான்.

அந்தத் தம்பி சென்சாரை மாற்றிவிட்டார். கறை விழுவதற்கு முன் அவர் எடுத்த கடைசிப் படத்தில் வால்வெள்ளி நன்றாகவே இருக்கிறது. அதன் நேரம் 5:31.