இனத்தைப் பார்த்து நிறுத்தும் போலீஸ்: எதைக் கேட்பது, எதை எழுதி வைப்பது

மலேசியாவில், செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் போலீஸ் நம் இந்தியப் பிள்ளைகளை மட்டும் ஓரங்கட்டுகிறது என்ற புகார் புதிதல்ல. அரசியலமைப்பின் 8வது விதி இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் சாலையில் நிறுத்தியதற்கான காரணத்தை எழுதித் தரும் வழக்கம் இங்கே இல்லை. பிரிட்டனில் உடற்சோதனை செய்தால் பதிவு உண்டு, அதில் இனமும் இருக்கும். அப்படி ஒரு சீட்டு இங்கும் கட்டாயமானால்தான் யாரை எத்தனை முறை நிறுத்துகிறார்கள் என்பது வெளியே வரும். அதுவரை பதிவை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

சீருடை இல்லாதவர் நிறுத்தினால் அதிகார அட்டையைக் கேளுங்கள். நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ், வெள்ளை சேமப் (ரிசர்வ்) படை. சிவப்பு என்றால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். உங்கள் மேல் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பெயர், எண், ரோந்து வண்டி எண், இடம், நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஐசி (அடையாள அட்டை) இல்லாமல் வெளியே போகாதீர்கள். அது தனிக் குற்றம். பிடித்து வைக்க அதுவே சாக்காகிவிடும்.

“சும்மா ஸ்டேஷன் வரைக்கும் வா” என்பார்கள். “சாயா டிதாங்காப் கெ?” (என்னைக் கைது செய்கிறீர்களா?) என்று மலாயில் பணிவாகக் கேளுங்கள். கைது இல்லை என்றால் போக வேண்டியதில்லை.

கைது என்றால், விசாரிக்கும் முன்பே குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 28ஏ). மறுக்க வேண்டுமானால் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி காரணத்தோடு அனுமதி தர வேண்டும். அந்த அதிகாரி யார் என்று கேளுங்கள். அலைக்கழிப்பு குடும்பத்துக்குத்தான். கோலாலம்பூரில் பிடித்தவர்களைப் பெரும்பாலும் ஜிஞ்சாங் லாக்கப்புக்கு மாற்றிவிடுவார்கள். பிடித்த ஸ்டேஷனில் போய் நின்றால் “இங்கே இல்லை” என்பதோடு சரி. விசாரணை அதிகாரியின் பெயர், ரிப்போர்ட் எண், எந்தச் சட்டப் பிரிவு: இந்த மூன்றையும் வாங்காமல் நகராதீர்கள்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றமென்றால் ரிமாண்ட் (விசாரணைக் காவல்) முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரைதான்; 14 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 7, மறுபடி 7. அடித்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லி, காயத்தைக் காட்டி, மருத்துவமனைக்கு அனுப்பக் கேட்க வேண்டும். அங்கே பேசாமல் இருந்துவிட்டால், “அப்போது ஏன் சொல்லவில்லை?” என்று பின்னால் மடக்குவார்கள். விடுவித்த கையோடு வேறு வழக்கு என்று இன்னொரு மாவட்டம் பிடித்துக்கொண்டு போவதும் நடக்கிறது; வாசலில் வழக்கறிஞர் இருக்கட்டும்.

தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் இலவச வழக்கறிஞர் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். சிவப்பு ஐசிக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்) அங்கே காத்திருந்து நாளை விடாமல், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

போலீஸ் மீதான ரிப்போர்ட்டை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். சம்பவம் நடந்த இடத்துக்கே போகச் சொன்னால் அசையாதீர்கள். மலாயில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, இனத்தைச் சொல்லித் திட்டிய வார்த்தை அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமானால், 4 வாரம் கழித்து விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கலாம். 2 வாரத்தில் பதில் வராவிட்டால் அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம்.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க 2023 ஜூலையில் வந்த ஐபிசிசி ஆணையத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதனால் நேரடியாகத் தண்டிக்க முடியாது. போலீஸ் தலைவரின் நிலையாணைக்குள் (படைக்கான நிரந்தர உத்தரவுகள்) வரும் செயல் என்றால் அதன் வரம்பிலேயே சேராது. மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் புகாரின் ஒரு நகல் அனுப்புங்கள். நஷ்டஈட்டு வழக்குக்குச் சம்பவ நாளிலிருந்து 36 மாதம்தான் அவகாசம். உள் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது.