மைவான்: ஒரு கம்பெனிப் பெயர் தொழிற்சொல்லான கதை

அடுக்குமாடி எழும் இடத்தில் 'இது மைவான் வேலை' என்றால், செங்கல் அடுக்காமல் சுவரையும் தளத்தையும் அலுமினிய அச்சுக்குள் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள் என்று பொருள். மிவான் என்று சொல்பவர்களும் உண்டு.

வட அயர்லாந்தின் ஆண்ட்ரிமைச் சேர்ந்த ஒரு கட்டுமான நிறுவனத்தின் பெயர்தான் மைவான். அதன் மலேசியக் கிளை இந்த அச்சுகளைச் செய்து விற்றது. இந்தியாவுக்கும் அந்த வழியில்தான் வந்தன. 2014-ல் தாய் நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. இன்று சீனாவிலோ இந்தியாவிலோ வேறு யாரோ செய்த அச்சாக இருந்தாலும் நம்மவர்களுக்கு அது மைவான்தான். ஜெராக்ஸ் கதையேதான்.

பெயர் ஒட்டிக்கொண்ட வேகத்தில் வேலைமுறை ஒட்டவில்லை. தகடுகளைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். எண் பார்த்துப் பொருத்தி, இணைப்பு ஊசி செருகி, ஆப்பு அடிக்க ஆட்களும் பழகிவிடுவார்கள். வரைபடம் போடுகிற அறை மாறுவதுதான் கஷ்டம். செங்கல் சுவர் என்றால் எழுந்த பிறகும் கொத்தி ஒயர் இழுக்கலாம். இங்கே சுவரே பாரம் தாங்குகிறது. மின்குழாய் போகும் வழி, ஜன்னல் அளவு எல்லாம் அச்சுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவாக வேண்டும். 'அப்புறம் பாத்துக்கலாம்' செல்லாது. மெல்லிய சுவருக்குள், கம்பிகளுக்கு நடுவே இறங்கும்படி கலவையும் இளக்கமாக வேண்டும். இவற்றைத் தானே திட்டமிட்டு, அச்சை அடுத்த கட்டடத்துக்கு ஏற்பத் திருத்தவும் தெரிந்த நிறுவனம்தான் தொழில்நுட்பத்தை உள்வாங்கியது. மற்றவை வாங்கியதோடு சரி.

இதற்கு முன்பே வந்து முழுசாகச் செரித்துப்போன சொல் 'சென்ட்ரிங்'. வளைவு கட்டும்போது கற்களைத் தாங்கும் மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் அது. இங்கே சவுக்குக்கட்டை முட்டோடும் பலகையோடும் சேர்ந்து, வளைவே இல்லாத தளத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. சென்ட்ரிங் அடிக்கிறோம், பிரிக்கிறோம். சென்ட்ரிங்காரர் என்று ஆளே இருக்கிறார்.

சரி, மைவானுக்குத் தமிழ்? கான்கிரீட் வார்க்கும் அச்சுக்கு ஆங்கிலத்தில் உள்ள பொதுப்பெயரான 'ஃபார்ம்வொர்க்' என்பதை அப்படியே 'படிவ வேலை' என்று பெயர்த்தால் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வரும். அச்சுவெல்லம் தெரிந்த எவருக்கும் அச்சு புரியும். சிலை வார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆகவே 'அலுமினிய வார்ப்பச்சு' என்பது என் தேர்வு. பேச்சில் மைவான் இருந்துவிட்டுப் போகட்டும். ஒப்பந்தத்தில் அப்படி எழுதினால் ஒரே கம்பெனியின் சரக்கைக் கேட்டதாகிவிடும். அங்கே வார்ப்பச்சு என்று எழுதலாம்.