ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் ப்ளோயரைப் பாருங்கள்

ஏசியில் கேஸ் செலவாகாது. ஓட ஓடத் தீர்வதற்கு அது பெட்ரோல் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதற்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறீர்களா? கேஸ் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே ஊற்றுவது வேலையே இல்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், போன வாரம் வேளச்சேரியில் பார்த்த ஒரு வீடு. வயதான தம்பதி. சர்வீஸுக்கு வந்தவர்கள் இரண்டு கோடையாக 'கேஸ் கம்மி' என்று சொல்லிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்கள். காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்தேன். அறைக்குள் காற்றைத் தள்ளும் உருளையான விசிறிதான் ப்ளோயர். அதன் இதழ்களுக்கு நடுவே இடைவெளியே தெரியாத அளவுக்குக் கறுப்பாக ஈரத்தூசி அப்பிக் கிடந்தது. அப்படி அடைத்துக்கொண்டால் மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்றை அள்ளாது. கழுவி மாட்டி, அதிகமாக ஏற்றியிருந்த கேஸையும் சரிசெய்த பிறகுதான் அறை குளிர்ந்தது.

தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காயில், அதாவது உள்ளே குளிரும் குழாய்ச் சுருள் மேல் போதிய காற்று போகாவிட்டால் சக்‌ஷன் பிரஷர், அதாவது கேஸை அழுத்தும் கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம், தானாகவே இறங்கும். அழுத்தம் காட்டும் கேஜில் முள் கீழே நிற்பதைப் பார்த்ததும் சிலிண்டரைத் திறக்காதீர்கள், தம்பி. ப்ளோயரைக் கழுவியதும் அந்த பிரஷர் ஏறிவிடும். அளவுக்கு மீறிப் போன கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பினால் அது அடிவாங்கும். இப்போது பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 கேஸ் எவ்வளவு வேண்டும் என்று அவுட்டோர் யூனிட் லேபிளிலேயே கிராம் கணக்கில் அச்சடித்திருக்கிறது. எடை போட்டு ஏற்றுங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கையை நீட்டியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஜில்லென்று வருகிறது, ஆனால் கொஞ்சமாக வருகிறது என்றால் ஃபில்டரோ ப்ளோயரோ அடைத்திருக்கிறது, இல்லை மோட்டார் வேகம் குறைந்திருக்கிறது. பழைய மாடல்களில் பெரும்பாலும் மோட்டார் ஓட உதவும் கெபாசிட்டர் என்ற சின்ன மின் பாகம்தான் காரணம், சின்ன செலவு. காற்று பலமாக வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் அவுட்டோர் யூனிட்டையும் கேஸையும் சந்தேகப்படலாம். காயில் முழுக்க ஐஸ் கட்டினால் முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள்.

ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள்! காயில் ஓட்டையானால் அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானே உருகும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். காயும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது. ப்ளோயருக்குள் குச்சி, பிரஷ் எதையும் விடாதீர்கள். ஒரு இதழ் உடைந்தாலும் யூனிட் முழுக்க அதிரும். அதை சர்வீஸ்காரரே கழுவட்டும். ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டு 'சர்வீஸ் முடிந்தது' என்றால் விடாதீர்கள், டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களே, தயவுசெய்து, யாராவது கேஸ் குறைவு என்றால் உடனே சரி என்று தலையாட்ட வேண்டாம். லீக் எங்கே என்று கேளுங்கள். சோப்பு நுரை தடவிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.