“மனுசன் கல்லாப் போயிட்டு”

மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து கிளினிக்குக்கு வந்த அம்மா ஒருவர், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: “டொக்டர், மனுசன் கல்லாப் போயிட்டு. நான் அழுது கிடக்கன், இவர் சோறு போடெண்டு கேக்கார்.”

கணவருக்கு 3 மாதத்துக்கு முன் பாரிசவாதம். இடது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. பேச்சில் பழுதில்லை. போன போகத்தில் வட்டையில் எத்தனை மூடை நெல் கிடைத்தது என்று கணக்குச் சொல்கிறார். பிறகு மூளையில் என்ன குறை இருக்கப்போகிறது என்று வீட்டார் நினைத்ததில் தப்பில்லை.

சில முகப் படங்களைக் காட்டினேன். பயந்து நிற்கும் பெண்ணின் படத்தைப் பார்த்து, “ஒரு பொம்புள. வாய் திறந்திருக்கு” என்றார். பிறகு? “பிறகென்ன, பாக்கா.” பேரப்பிள்ளையின் போட்டோவைக் கண்டதும் மட்டும் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஆளை அடையாளம் காண்பதும் அந்த ஆளின் மனநிலையை அறிவதும் மூளையில் பெரும்பாலும் தனித்தனி வழிகளில் நடக்கின்றன. கண் பார்த்தது முதலில் பிடரிப்பக்கம் போய்ச் சேருகிறது. ‘இது யார்’ என்று பிரித்தறிவதில் மூளையின் அடிப்பக்கத்து மடிப்பு ஒன்றுக்கு முக்கிய பங்கு. புருவமும் உதடும் அசைவதைக் கவனிப்பது காதுக்கு மேலாக ஓடும் ஒரு பள்ளம். முகம் ஒன்றைக் கண்ட ஏறக்குறைய 170 மில்லிசெக்கனில் அதற்கான சமிக்ஞை மூளை அலைப்பதிவில் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு முகத்தை வாசிக்கும் வேலையில் கூடிய பங்கு வலது பாதிக்குத்தான். இடது கை விழுந்தால் பழுது வலது மூளையில் என்பது தெரிந்ததுதானே.

உள்ளே பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலாவின் கதை வேறு. மருத்துவ உலகில் எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண்ணுக்கு, அரிய பரம்பரை நோயொன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோயிருந்தன. முகங்களில் பயத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1994இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏன் என்பது 2005இல்தான் தெளிவானது: அவர் எதிரிலிருப்பவரின் கண்களைப் பார்ப்பதே இல்லை. “கண்ணைப் பாருங்கள்” என்று சொன்னபோது பயம் பிடிபட்டது. சொல்லாமல் விட்டால் பழையபடிதான்.

எனக்கு இது பெரிய பாடம். மூளை வாசிப்பதற்கு முன், எங்கே வாசிக்க வேண்டும் என்று கண்ணை அனுப்பவும் வேண்டியிருக்கிறது.

அந்த அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கவலையோ கோபமோ, வாயால் சொல்லுங்கள். சொல்லும்போது அவருடைய வலப்பக்கம் இருந்து, முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வலது மூளை பழுதானவர்களில் சிலர் இடப்பக்கத்தையே கவனிக்காமல் விடுவார்கள். சிலருக்கு மாதங்கள் போகப் போக முன்னேற்றம் வரும், எல்லோருக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது.

(பார்க்கின்சன் வருத்தத்தில் நேர்மாறு. உணர்வு உள்ளே இருக்கும், முகம் அதைக் காட்டாது. அவர்களுக்கும் வீட்டில் ஏச்சுத்தான்.)

அடுத்த கிளினிக்கில் அம்மா சொன்னார்: “இப்ப நான் அழப்போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் அழ வேண்டிக் கிடக்கு, டொக்டர்.” சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கணவர் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“சிரிக்காளா?”