எங்கும் எச்சரிக்கை: கலிஃபோர்னியாவின் புற்றுநோய்ப் பலகைகள் பெருகிய விதம்

அமெரிக்கச் சந்தைக்கெனத் தயாரான ஹெட்போன், பித்தளைக் குழாய், மரச்சட்டம் என எதை வாங்கினாலும் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணமும் அதற்குள் ஆச்சரியக்குறியும் இருக்க வாய்ப்புண்டு. பக்கத்திலேயே பொடி எழுத்தில் "புற்றுநோய் மற்றும் இனப்பெருக்கப் பாதிப்பு" என்று ஒரு வரி. கலிஃபோர்னியாவுக்குள் இந்த வாசகம் பெட்டியோடு நிற்பதில்லை. பெட்ரோல் பங்க், ஓட்டல் வரவேற்பறை, கார் நிறுத்தும் கட்டடம், மதுக்கடை, டிஸ்னிலாந்தின் நுழைவாயில் என்று சுவர்களிலும் இருக்கிறது. அதை நின்று படிப்பவர்கள் குறைவு.

"புலி வருது" கதைதான் இது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கதையில் பையன் பொய் சொன்னான். இங்கே பெரும்பாலான பலகைகள் சொல்வது உண்மை. பட்டியலிலுள்ள ஏதோ ஒரு பொருள் அந்த இடத்தில் இருக்கத்தான் செய்கிறது. எவ்வளவு இருக்கிறது, அதனால் எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் பலகை சொல்வதில்லை.

இதன் பின்னாலுள்ள சட்டத்தின் முழுப்பெயர் 'பாதுகாப்பான குடிநீர் மற்றும் நச்சுப்பொருள் அமலாக்கச் சட்டம்'. 1986 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து, ஏறத்தாழ 63 சதவீத ஆதரவுடன் இதை நிறைவேற்றினார்கள். வாக்குச்சீட்டில் அதன் எண் 65 என்பதால் 'ப்ராப் 65' என்பதே புழக்கத்தில் நின்றுவிட்டது. புற்றுநோயையோ இனப்பெருக்கப் பாதிப்பையோ உண்டாக்கும் என்று மாநிலம் அறிந்த வேதிப்பொருட்களின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும்; 10 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள எந்த நிறுவனமும் அவற்றுக்கு மக்களை ஆட்படுத்துவதற்கு முன் எச்சரிக்க வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். 1987-ல் தொடங்கிய பட்டியலில் இன்று 900-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஈயம், பென்சீன், ஆஸ்பெஸ்டாஸ், புகையிலைப் புகை ஆகியவற்றோடு மது, மரத்தூள், சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறு எல்லாம் அதில் உண்டு. வெற்றிலை பாக்கும் உண்டு. புகையிலை சேர்த்த தாம்பூலம் 1990-லும், புகையிலை சேர்க்காத தாம்பூலமும் கொட்டைப்பாக்கும் 2006-லும் சேர்ந்தன.

பட்டியலில் பெயர் இருந்தாலே பலகை வைக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைக் கணக்கிடும் விதத்தைப் பார்த்தால்தான் பலகைகள் ஏன் பெருகின என்பது புரியும்.

வழக்கமான ஆய்வில், எலிகளுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகள், அதாவது அவற்றின் ஆயுள் முழுக்க, ஒரு பொருளை வெவ்வேறு அளவுகளில் கொடுப்பார்கள். அளவு மிக அதிகமாகத்தான் இருக்கும். சில நூறு எலிகளில் கட்டிகள் கண்ணில் பட வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அளவு கூடும்போது கட்டிகள் எவ்வளவு கூடுகின்றன என்று பார்த்து, அந்தப் போக்கைச் சுழியம் வரை நேர்கோடாக நீட்டுவார்கள். சிறு அளவுகளை உடல் சமாளித்துவிடும், டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்துகொள்ளும் என்ற சலுகைகள் இந்தக் கோட்டில் பொதுவாகக் கிடையாது. பிறகு எலியின் உடலுக்கும் மனித உடலுக்குமான வேறுபாட்டைக் கணக்கில் எடுத்து, ஒரு கேள்வி கேட்பார்கள்: 70 ஆண்டுகள் தினமும் எவ்வளவு உட்கொண்டால் 1,00,000 பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரும்? அந்த விடைதான் வரம்பு. இனப்பெருக்கப் பாதிப்புக்கு வேறு கணக்கு. ஆய்வில் எந்தப் பாதிப்பையும் காட்டாத அளவை 1,000-ஆல் வகுக்கிறார்கள்.

1,00,000-ல் ஒருவர் என்பதன் அளவை உணர ஓர் எண் போதும். அமெரிக்கர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதாவது 1,00,000 பேரில் 40,000 பேர். பலகை வைக்கக் கட்டாயப்படுத்தும் எல்லைக்கோட்டில் அது 40,001 ஆகிறது, அதுவும் எலிக் கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்தினால். எல்லையை 5 மடங்கு தாண்டிய பொருளுக்கும் 5,000 மடங்கு தாண்டிய பொருளுக்கும் அதே முக்கோணம், அதே வரி.

அக்ரிலமைடை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள் என்ற வகையில் 1990-ல் பட்டியலில் சேர்ந்தது. 2002-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இது நம் சாப்பாட்டிலேயே உருவாகிறது என்று அறிவித்தபோது எல்லோரும் திகைத்தார்கள். உருளைக்கிழங்கிலும் தானியங்களிலும் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற சர்க்கரைகளோடு சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும்போது அக்ரிலமைடு பிறக்கிறது. வறுவலுக்குப் பொன்னிறமும் மணமும் தருகிற அதே வினைதான். வேகவைத்த கிழங்கில் இது கிட்டத்தட்ட உருவாவதே இல்லை, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால். கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும்; அதை வறுத்தால் அக்ரிலமைடு கூடும். நறுக்கிய துண்டுகளை 15 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, ஈரத்தைத் துடைத்து, பொன்னிறத்தோடு எடுத்துவிட்டால் குறையும்.

இதற்கான வரம்பு நாளொன்றுக்கு 0.2 மைக்ரோகிராம். ஒரு கப் வடிகட்டிய காபியிலேயே ஒன்றிரண்டு மைக்ரோகிராம் இருக்கும். 2008-ல் கலிஃபோர்னிய அரசின் தலைமை வழக்கறிஞருடன் சமரசம் செய்துகொண்ட சிப்ஸ் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட இலக்கு, கிலோவுக்கு 275 மைக்ரோகிராம். அந்த இலக்கைத் தொட்ட 28 கிராம் பாக்கெட்டிலும் 7.7 மைக்ரோகிராம், அதாவது வரம்பைப்போல் 38 மடங்கு. உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு 2010-ல் தந்த கணக்குப்படி, சராசரி மனிதர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 1 மைக்ரோகிராம் வரை தினமும் உட்கொள்கிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 முதல் 60 மைக்ரோகிராம். அடுப்பு பற்றவைக்கிற எந்த வீடும் இந்த வரம்புக்குள் அடங்காது. இத்தனைக்கும் உணவு வழி வரும் அக்ரிலமைடுக்கும் மனிதர்களின் புற்றுநோய்க்கும் சீரான தொடர்பு எதையும் மக்களிடையே நடந்த ஆய்வுகள் காட்டவில்லை.

காபி வழக்கு இந்த முரணை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்தது. 2010-ல் ஒரு தன்னார்வ அமைப்பு ஸ்டார்பக்ஸ் உள்ளிட்ட காபி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. 2018-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிபதி நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். காபி தீங்கு செய்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிடவில்லை; தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி நிறுவனங்களுடையது, அதை அவர்கள் நிறைவேற்றவில்லை, அவ்வளவே. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, காபியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப் போதிய சான்றில்லை என்றும், கல்லீரல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் காபி குடிப்பவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றன என்றும் சொல்லியிருந்தது. கடைசியில் மாநில அரசே விதியைத் திருத்தி, 2019 அக்டோபர் முதல் காபிக்கு விலக்கு அளித்தது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பலகை வைக்காவிட்டால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம். அரசுதான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. யார் வேண்டுமானாலும் 60 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்காடலாம். வென்றால் அபராதத்தில் 25 சதவீதம் அவருக்கு, வழக்கறிஞர் கட்டணம் தனி. சமரசத் தொகைகளில் பெரும்பங்கு அந்தக் கட்டணத்துக்கே போகிறது. சமீப ஆண்டுகளில் இத்தகைய நோட்டீஸ்கள் ஆண்டுக்கு 3,000-ஐத் தாண்டுகின்றன.

இப்போது ஒரு சிறிய மரச்சாமான் கடைக்காரரின் இடத்திலிருந்து பார்ப்போம். தன் பொருள் வரம்புக்குள் இருக்கிறது என்று காட்ட ஆய்வகச் சோதனை வேண்டும், வாங்குபவர் உடலுக்குள் எவ்வளவு போகும் என்று கணக்கிட நச்சியல் நிபுணர் வேண்டும், கூடவே வழக்கறிஞர். ஸ்டிக்கர் ஒட்டச் சில காசுகள்தான். தேவையில்லாமல் எச்சரிக்கை ஒட்டியதற்கு நடைமுறையில் தண்டனை எதுவும் வருவதில்லை. சோதித்தே பார்க்காமல் எல்லாப் பெட்டியிலும் ஒட்டிவிடுவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். ஒரு பெட்டியில் முக்கோணம் இருந்தால் உள்ளே நஞ்சு இருக்கலாம். இல்லை, அந்த நிறுவனத்துக்கு நல்ல வழக்கறிஞர் இருக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

திரும்பத் திரும்பக் காட்டப்படும் எச்சரிக்கையை மூளை எப்படிக் கையாள்கிறது என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2015-ல் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினித் திரையில் வரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் காட்டி எம்.ஆர்.ஐ. கருவியில் மூளையைப் படம்பிடித்தார்கள். இரண்டாம் முறை காட்டும்போதே பார்வைப் பகுதிகளின் செயல்பாடு சட்டென்று சரிந்தது. எச்சரிக்கையின் தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருந்தபோது அந்தச் சரிவு மெதுவானது. நம் ஊர் சிகரெட் அட்டையில் 85 சதவீதப் பரப்பை அடைக்கும் படம் அவ்வப்போது மாற்றப்படுவதும் இதே காரணத்துக்காகத்தான். கலிஃபோர்னியப் பலகையோ 1980-களில் இருந்து 2018 வரை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு நின்றது.

அளவு சொல்லாததன் விலை, உண்மையான ஆபத்துகளைப் பேசும்போது தெரியும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 15 முதல் 30 மடங்கு கூடுகிறது. பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது: 100 பேரில் நாலு பேருக்கு வருவது ஐந்தைக்கூடத் தொடாது. உலக சுகாதார அமைப்பின் முகமை இரண்டையும் முதல் வகையில்தான் வைத்திருக்கிறது. அந்த வகைப்பாடு காட்டுவது சான்றின் உறுதியை, ஆபத்தின் பருமனை அல்ல. பாக்கும் 2004 முதல் அதே வகையில் இருக்கிறது. வாய்ப்புற்று விஷயத்தில் அது வெறும் ஏட்டு ஆபத்து இல்லை என்பதை நம் புற்றுநோய் மருத்துவமனைகள் அறியும்.

இதனால் சட்டமே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. அது வேலை செய்வது பலகையைப் படிப்பவர் வழியாக அல்ல, பலகைக்கு அஞ்சும் தயாரிப்பாளர் வழியாக. கேரமல் நிறமூட்டியில் உருவாகும் 4-மெத்தில் இமிடசோல் என்ற வேதிப்பொருள் 2011-ல் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டே கோகோ கோலாவும் பெப்சியும் தங்கள் நிறமூட்டியின் தயாரிப்பு முறையை மாற்றவைத்தன. அதன் ஆபத்து பெரிதா என்பது வேறு விஷயம். ஆனால் பீங்கான், நகை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றில் ஈயம் குறைந்ததில் இந்தச் சட்டத்துக்குச் சந்தேகமில்லாத பங்கு உண்டு.

2018 ஆகஸ்ட் முதல் முழு வாசகத்தில் குறைந்தது ஒரு வேதிப்பொருளின் பெயராவது இருக்க வேண்டும். பெட்டிகளில் காணும் குறுகிய வாசகத்துக்கும் 2025-ல் அந்த விதி வந்துவிட்டது. பெயரில்லாத பழைய குறுகிய வாசகத்துக்கு 2028 ஜனவரி 1 வரை அவகாசம். ஆகவே முக்கோணத்தைக் கண்டால் முதலில் பெயரைத் தேடுங்கள், அடுத்து அது உடலுக்குள் போக வழி உண்டா என்று பாருங்கள். மரச்சட்டத்தில் 'மரத்தூள்' என்றிருந்தால் அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் அணிந்தால் போதும்; சுவரில் மாட்டிய பிறகு அது யாரையும் தொடாது. வயரின் உறையில் 'ஈயம்' என்றிருந்தால் தொட்ட கையைச் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கைக்குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள். அதே 'ஈயம்' பீங்கான் கிண்ணத்தில் இருந்தால் கதை வேறு. புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர் போன்ற புளிப்புகள் மேற்பூச்சிலிருந்து ஈயத்தைக் கரைத்து இழுக்கும், சூடும் நேரமும் கூடக்கூட அதிகமாக. அந்தக் கிண்ணத்தில் சாவிக்கொத்து போட்டு வையுங்கள்.