முறைச்சுரப்பு: துடிப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது?

'பிட்யூட்டரி சுரப்பி இனப்பெருக்க ஹார்மோன்களை நாடித்துடிப்பு முறையில் வெளியிடுகிறது.' மருத்துவ மொழிபெயர்ப்புகளில் இந்த வாக்கியத்தை ஏதாவதொரு வடிவில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. சுரப்பியின் மேல் விரல் வைத்தால் படபடவென்று அடிக்கும் என்று படிப்பவர் எண்ணினால், குற்றம் அவருடையதல்ல.

ஆங்கில மூலச்சொல் பல்சடைல். அடித்தல், உந்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினைவழி வந்தது. பல்ஸ் என்றால் நாடி, ஆகவே இதுவும் நாடித்துடிப்பு என்று முடித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் பருப்புக்கும் பல்ஸ் என்றுதான் பெயர்; 'பருப்புச் சுரப்பு' வராமல் தப்பித்தோம்.

நடப்பது வேறு. மூளையின் ஹைப்போதலாமஸ் ஒரு தூண்டு ஹார்மோனைச் சிறிது விடுவிக்கும், நிறுத்தும், மறுபடி விடுவிக்கும். அதற்கேற்ப, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, லூட்டினைசிங் என்ற இனப்பெருக்க ஹார்மோனைச் சுரக்கும். பெண்ணுக்குச் சினைமுட்டை முதிரும் நாட்களில் ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை; முட்டை வெளியான பிறகு சில மணி நேரத்துக்கு ஒரு முறை. நிமிடத்துக்கு 70 தடவை அடிக்கும் நாடிக்கு இங்கே என்ன வேலை?

சிலர் நாடியை மட்டும் கழற்றிவிட்டு 'துடிப்புச் சுரப்பு' என்கிறார்கள். அதுவும் உதவாது. கண் துடிக்கும், உதடு துடிக்கும், தரையில் விழுந்த மீன் துடிக்கும்; எல்லாமே ஓயாத அசைவு. இங்கே ஓய்வில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர், தூண்டு ஹார்மோன் சொந்தமாகச் சுரக்காதபடி செய்த ரீசஸ் குரங்குகளுக்கு அதை வெளியிலிருந்து செலுத்திப் பார்த்தார்கள். மணிக்கு ஒரு முறை கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காகச் சுரந்தது. இடைவிடாமல் கொடுத்தபோது அடங்கிப்போனது. 1978இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே 'இடைவிடாமல்', 'விட்டுவிட்டு' என்ற இரண்டையும் எதிரெதிராக வைக்கிறது. நாடியும் இல்லை, துடிப்பும் இல்லை! அந்தத் தூண்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் லியூப்ரோலைடு போன்ற மருந்துகள் புராஸ்டேட் புற்றுநோயிலும், வயதுக்கு முன்பே வரும் பூப்பிலும் பயன்படுவது இதனால்தான்: ஓயாமல் தூண்டினால் ஹார்மோன் முதலில் சற்று ஏறும், பிறகு இறங்கிவிடும். 'துடிப்பு' என்று படித்த மாணவருக்கு, தூண்டும் மருந்து எப்படி அடக்குகிறது என்பது கடைசிவரை பிடிபடாது.

'அலைச்சுரப்பு' என்றும் ஒரு முயற்சி உண்டு. முட்டை வெளிவருவதற்கு முன் இதே ஹார்மோன் ஒரே ஏற்றமாக எழுகிற பெருக்கை அப்புறம் என்னவென்று அழைப்பது? இரண்டையும் குழப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வாக்கியத்தில் 'விட்டுவிட்டுச் சுரக்கிறது' என்று எழுதினால் போதும். மழையை அப்படித்தானே சொல்கிறோம். தலைப்புக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'முறைச்சுரப்பு' என்பேன். வந்து, விட்டு, மறுபடி வரும் காய்ச்சலை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றார்கள். இடைவெளி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'முறை' என்றால் ஒழுங்கு என்றும் பொருள்படுமே என்பார்கள். படட்டும், இந்தச் சுரப்பில் ஒழுங்கும் உண்டு.

பிட்யூட்டரியைக் 'கபச்சுரப்பி' ஆக்கியதும் இதே பழக்கம்தான். மூளையின் கபம் இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியதால் வந்த லத்தீன் பெயர்தான் பிட்யூட்டரி. 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் கைவிட்ட நம்பிக்கையைத் தூய தமிழ் என்று நாம் சுமக்கிறோம். கபச்சுரப்பி என்பவர்கள் சளிக்கு மருந்தை அங்கேயே தேடிக்கொள்ளட்டும்; நான் பிட்யூட்டரி என்றே எழுதுவேன்.