மூன்று ஓட்டைகள் போதாது

தாத்தா விட்டுப்போன தகர டப்பாவில் ஒரு பித்தளைத் தோட்டாக்கூடு இருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபோது, மழை அரித்த மண்ணில் கிடைத்ததாம். 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி, கம்யூனிஸ்டு கெரில்லாக்களை எதிர்த்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அப்போது இங்கே புழங்கிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் .303 தோட்டாவின் வெற்றுக்கூடு இது. புளி போட்டுத் தேய்த்தேன். அடிவிளிம்புக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய வளையம் மட்டும் தனியாக மின்னியது.

சுடும்போது பித்தளை இழுபட்டு மெலிந்த இடம் அது. சேறு படிந்த தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்று போர்த் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் தளர்வாகவே கடைந்தார்கள். வெடிப்பின் அழுத்தத்தில் கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது.

நம் நாட்டில் 1960 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் சுட்ட கூட்டையே திரும்ப நிரப்பி, எந்தக் குண்டு, எந்த வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் எந்தப் பிரைமர் தங்கள் பழைய துப்பாக்கிக்குப் பொருந்துகிறது என்று சோதிக்கிறார்கள்.

முதலில் அளக்கவேண்டியது குழலை. .303 அங்குலம் என்பது, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. குண்டின் விட்டம் சுமார் 0.311 அங்குலம். போர்க்கால அவசரத்தில் செய்த குழல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் மென்மையான ஈயக் கட்டியைக் குழலுக்குள் தள்ளி எடுத்து அளக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: வழக்கமாக ஐந்து வரிப்பள்ளங்கள் என்பதால் பள்ளத்துக்கு எதிரே மேடுதான் வரும், சாதாரண மைக்ரோமீட்டர் சரியாகப் பிடிக்காது. தேய்ந்த குழலில் தட்டையான அடி உள்ள குண்டுகள் பெரும்பாலும் நன்றாக நடந்துகொள்ளும். அழுத்தத்தில் அந்த அடி விரிந்து பள்ளத்தை அடைத்துவிடுவதே காரணம்.

சரி, எது சிறந்தது என்று எப்படித் தீர்மானிப்பது? பலர் இடறுவது இங்கேதான். மூன்று முறை சுட்டு, இலக்கு அட்டையில் ஓட்டைகள் நெருங்கி விழுந்தால் "இதுதான்" என்று முடிவு கட்டுகிறார்கள். எதையுமே மாற்றாமல் பத்து முறை சுட்டால், ஓட்டைகள் சிதறும் அகலம் மூன்று சூட்டின் அகலத்தைப்போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். மூன்று சூட்டுத் தொகுப்புகளை அடுத்தடுத்து எடுத்தால் ஒன்று இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு இருப்பதும் சகஜம். ஒரு காலை மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழுந்த பாலைப் பார்த்து ரப்பர் மரத்தின் தரத்தை எந்தத் தோட்டக் கிராணியும் (கணக்கரும்) சொல்லமாட்டார். நேற்று மழையா, வெட்டு ஆழமா என்று கேட்பார், பல நாள் கணக்கைப் பார்ப்பார்.

அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். குண்டையும் மருந்தையும் சேர்த்து மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. அப்புறம், முதல் வகையை முழுதாகச் சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. அதற்குள் குழல் சூடாகியிருக்கும், சுடுபவரின் தோளும் களைத்திருக்கும், குறை இரண்டாவது வகையின் தலையில் விழும். இரண்டையும் மாறி மாறிச் சுட்டால் சூடும் களைப்பும் இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமாகப் போய்ச் சேரும்.